இடது பக்கம் கால் சுத்து

அந்தப் பைய மட்டும் மிதிச்சிராத பாப்பா. இந்தா, நானே மடியில வச்சுக்கிறேன். நீ நல்லாச் சாஞ்சு உக்காரு. வாந்தி கீந்தி வர்ற ஆளுன்னா இப்பவே சொல்லிரு, எலுமிச்சம்பழம் இருக்கு. மொத வளைவுலயே மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிருவேன். இருவது வருசமா இந்த மலையில ஏறி இறங்குறவ.

கல்யாணத்துக்குப் போறேன். அருப்புக்கோட்டை. பையில இருக்குறது குத்துவிளக்கு. அதுக்கடியில துணில சுத்தி ஒரு பித்தளைச் சாவி இருக்கு. மாப்பிள்ளைக்கிட்ட குடுக்கணும். பூட்டுச் சாவி இல்ல, அது வேற. அது பெரிய கதை. இந்தப் பஸ்சு மதுரை போக மூணு மணி நேரம் ஆகும், கேக்குறியா? நீ வேணாம்னாலும் சொல்லத்தான் போறேன், எனக்கு வாய் சும்மா இருக்காது. பேச்சித்தாய்னு பேரு வச்சாய்ங்க, பேருக்குத் தக்கனதான இருக்கணும்.

மேல சூரியனைப் பாக்குற ஆபீசுல எனக்கு வேலை. ஆராய்ச்சி ஆபீசு. ராத்திரி நட்சத்திரம் பாப்பீங்களான்னு எல்லாரும் கேப்பாய்ங்க. அதெல்லாம் கிடையாது. எங்க டெலஸ்கோப்பு பகல்ல மட்டுந்தான். சாயங்காலம் ஆச்சுன்னா நாங்களும் சூரியனும் ஒண்ணா வீட்டுக்குப் போயிருவோம்.

நான் ஐடிஐ படிச்சவ. பிட்டர் டிரேடு. எங்க செட்டுல நான் ஒருத்திதான் பொம்பளப்பிள்ளை. அரத்தை எடுத்து ராவுனேன்னு வையி, பயலுக வேடிக்கை பாப்பாய்ங்க. அதனாலதான் மேல வேலை குடுத்தாய்ங்க.

டெலஸ்கோப்புன்னா நீ குழாயின்னு நெனைப்ப. எங்களோடது ஒரு கோபுரம். உச்சியில ரெண்டு கண்ணாடி. அது வெயிலைப் பிடிச்சுக் கீழ தள்ளும். கீழ மூணாவதா ஒரு கண்ணாடி. அது வெயில அப்பிடியே திருப்பிச் சுரங்கத்துக்குள்ள அனுப்பும். சுரங்கம் அறுபதடி நீளம், கும்மிருட்டு. கடைசில ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். அதுல சூரியன் வந்து உக்காரும் பாரு, ஒரு தோசை அளவுக்கு, வட்டமா, கரும்புள்ளி எல்லாம் தெளிவா. மொத நாள் பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. ஏன்னு கேக்காத, வந்துச்சு.

அந்தப் பலகைக்கு நடு எதுன்னு முன்ன ஒரு கோடு போட்டிருந்தாய்ங்க. மலை ஈரத்துல அது அழிஞ்சு போச்சு. நான் என்ன பண்ணேன், அளந்து பாத்து, என் நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நடுவுல ஒட்டிட்டேன். மெரூன் கலரு. காலையில ஏழு மணிக்குச் சுரங்கத்தைத் தொறப்பேன், பலகையை இறக்குவேன், சூரியன் பொட்டைச் சுத்தி ஒக்காந்திருக்கான்னு பாப்பேன். இல்லேன்னா மூணாம் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு ஸ்குரு இருக்கு, அதைத் திருகிச் சரி பண்ணுவேன். வெயிலு பின்னாடி இருக்குற காமிராவுக்குப் போகணும்ல, அதுக்காகப் பலகையைத் தூக்கி விட்டுட்டு, நோட்டுல எழுதிட்டு, டீ குடிக்கப் போயிருவேன். பத்தொம்பது வருசம். ஒருநாள் தவறுனதில்ல. என் பிள்ளைக்கு அம்மை போட்டப்பக்கூட ஏழு மணிக்கு வந்து திருகிட்டுத்தான் போனேன்.

அந்த ஸ்குருவுக்குத் தலை சதுரமா இருக்கும், சாதா ஸ்பேனர் பிடிக்காது. அதுக்குத்தான் இந்தச் சாவி. நானே பித்தளையில ராவுனது. இடுப்புலயே கிடக்கும்.

போன வருசம் மாசியில, பெங்களூர்ல இருந்து புதுப் பொட்டி வந்துச்சு. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். வெயிலைக் கோடு கோடாப் பிரிச்சுக் காட்டுற மிஷினு. பழைய காமிராவைக் கழட்டிப் போட்டுட்டு, பலகைக்குப் பின்னாடி இதை வச்சாய்ங்க. கூடவே ஹெக்டே சாருன்னு ஒருத்தரு, பெரிய விஞ்ஞானி. அவருக்குக் கீழ ஒரு பையன், கவிராஜ்னு பேரு. நம்ம பக்கத்துப் பையன்தான். இருவத்தெட்டு வயசுதான், முடி மட்டும் அம்பதுக்கு இருக்கும், அம்புட்டும் யோசனையிலயே கொட்டிப்போச்சு. வந்த அன்னிக்கே 'அக்கா'ன்னுட்டான். ஹெக்டே சாரு என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, டீ இருக்கா. வந்த நாள்ல இருந்து போற நாள் வரைக்கும் அந்த ஒரு கேள்விதான்.

இப்ப கேளு. அந்தப் பொட்டியோட வாயில ஒரு கீறல் இருக்கு, தலைமுடி அகலம். சூரியனோட நடு சரியா அதுல விழணும், நேரா உள்ள போகணும். கொஞ்சம் விலகுனாலும் கோடெல்லாம் கலங்கிப்போகும். அப்பிடி நேராக்குறதுக்குப் பேருதான் அலைன்மென்ட். மார்ச்சு முப்பத்தொண்ணுக்குள்ள அதை முடிச்சுக் காட்டணும்னு கண்டிஷன். அதுக்கப்புறம் மலையில மேகம் இறங்கிரும், ஒண்ணும் பாக்க முடியாது. முடிக்கலேன்னா பொட்டியை லாரியில ஏத்தி வேற ஊருக்கு அனுப்பிருவாய்ங்க, எங்க சுரங்கத்தை இழுத்து மூடிருவாய்ங்க. என்னை அடிவாரத்துல ஸ்டோருக்குப் போடுறதா ஆர்டரே ரெடி. ஆணி போல்ட்டு எடுத்துக் குடுக்குற வேலை பாப்பா! சூரியனை வச்சுக்கிட்டிருந்தவளை ஆணிக்கு அனுப்புனா எப்பிடி இருக்கும்? எனக்குச் சோறு இறங்கல.

ஆரம்பிச்சாய்ங்க. மத்தியானம் பூரா வேலை. பொட்டிக்குள்ள இருந்து செவப்பு லேசரைத் திருப்பி மேல அடிப்பாய்ங்க. அது மூணாம் கண்ணாடிக்கு நடுவுல படுதான்னு பாப்பாய்ங்க. 'சாவி குடுங்கக்கா'ன்னு கவிராஜ் வாங்கிட்டுப் போயி ஸ்குருவைத் திருகுவான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு, 'அக்கா, வந்து பாருங்க, கரெக்டா கீறல்ல விழுது'ம்பான். கையத் தட்டுவாய்ங்க. சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போயிருவாய்ங்க.

மறுநாள் நான் ஏழு மணிக்கு வந்து பலகையை இறக்கிப் பாத்தா, அய்யய்யே! சூரியன் பொட்டைவிட்டு ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி உக்காந்திருக்கு. என்ன வேலை பாக்குறாய்ங்க இவய்ங்க, அம்புட்டுப் படிச்சு என்ன பிரயோசனம்னு நெனைச்சுக்கிட்டேன். பாவம், சின்னப் பையன், பேரு கெட்டுரக்கூடாதுன்னு இடது பக்கம் ஒரு கால் சுத்து விட்டேன். கும்முனு வந்து பொட்டுல உக்காந்துச்சு. பலகையைத் தூக்கி விட்டுட்டு டீக்குப் போயிட்டேன். பண்ணதைச் சொல்லிக்கிட்டுத் திரியுற பழக்கம் எனக்கு இல்ல.

ஒம்பது மணிக்கு ரெண்டு பேரும் இட்லி சாப்பிட்டுட்டு வந்தாய்ங்க. பொட்டியை ஆன் பண்ணா, கோடெல்லாம் கலங்கிக் கிடக்கு. சூரியன் கீறல்ல இல்ல! ஹெக்டே சாருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. கவிராஜ் என்கிட்ட ஓடியாரான். 'அக்கா, ராத்திரி யாராச்சும் உள்ள வந்தாங்களா?' 'யாரும் வரல தம்பி, பூட்டுச் சாவியும் திருகுற சாவியும் என் இடுப்புல இருக்கு, காலையில நான்தான் தொறந்தேன்'னேன். 'நீங்க இருந்தா சரிக்கா'ன்னுட்டுப் போயிட்டான். நான் சொன்னது பொய்யா? நீயே சொல்லு.

மறுபடி மத்தியானம் திருகுனாய்ங்க. மறுபடி காலையில தள்ளி இருந்துச்சு. மறுபடி நான் சரி பண்ணேன். மறுபடி ஒம்பது மணிக்கு ஒப்பாரி. இப்பிடியே ஓடுச்சு பாப்பா, பன்னெண்டு நாளு!

அதுக்கு அவய்ங்க பண்ண கூத்தக் கேளு. குளிருல இரும்பு சுருங்குதுன்னு கண்ணாடிக்குக் கம்பளி போத்துனாய்ங்க. காலையில மொத பஸ்சு போற அதிர்ச்சியில நகருதுன்னு ஸ்டாண்டுக்கு அடியில ரப்பர் வச்சாய்ங்க. வாட்ச்மேன் ஜோசப்பு எலியா இருக்கும்னான். உடனே எலிப்பொறி வாங்கிட்டு வந்து, மசால் வடை வச்சு, மூணாம் கண்ணாடிக்குப் பக்கத்துல வச்சாய்ங்க. அந்தப் பொறியை நகட்டி வச்சுட்டுத்தான் தெனம் நான் திருகணும். ஒருநாள் விரலைப் பிடிச்சிருச்சு. இந்தா பாரு, நகம் இன்னும் கோணலாத்தான் வருது. அன்னிக்கும் நான் ஒண்ணும் சொல்லல. வேலைன்னா அடிபடத்தான செய்யும்.

எனக்கு அந்தப் பையனை நெனைச்சாத்தான் பாவமா இருந்துச்சு. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. ஹெக்டே சாரு இங்கிலீஸ்ல திட்டுவாரு, அவன் தலையைக் குனிஞ்சு நிப்பான். முப்பத்தொண்ணாந்தேதிக்கு இன்னும் ஆறே நாளு. நான் மாதாவுக்கும் நேந்துக்கிட்டேன், பேச்சியம்மனுக்கும் நேந்துக்கிட்டேன். எவ காப்பாத்துனாலும் சரின்னு.

பதிமூணாம் நாளு காலையில மலையைச் சுத்தி மேகம். சூரியனே இல்ல, நான் எதைப் பாத்துத் திருகுறது? நோட்டுல 'மேகம், பாக்கல'ன்னு எழுதி வச்சுட்டேன். பத்து மணிக்கு மேகம் விலகுச்சு பாரு, சூரியன் நேரா வந்து கீறல்ல விழுந்துச்சு! கோடெல்லாம் கம்பி மாதிரி நிக்கிது. ஹெக்டே சாரு கவிராஜைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. எல்லாம் கம்பளியோட மகிமைன்னாரு. எனக்குக் கேசரி குடுத்தாய்ங்க. மறுநாள் வெயில் நல்லா அடிச்சுச்சு. ஒம்பது மணிக்கு மறுபடி ஒப்பாரி. கேசரி குடுத்ததை நெனைச்சு எனக்கே வெக்கமாப் போச்சு, அவய்ங்களுக்காக.

அன்னிக்கு மத்தியானம் ஹெக்டே சாரு ரூமுக்குப் படுக்கப் போயிட்டாரு. கவிராஜ் மட்டும் சுரங்கத்து வாசல்ல உக்காந்திருக்கான். 'மேகம் போட்ட அன்னிக்கு மட்டும் எப்பிடிக்கா சரியா இருந்துச்சு? அன்னிக்கு என்ன நடக்கல?'ன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டு, பக்கத்துல கிடந்த என் நோட்டை எடுத்துப் புரட்டுனான். அதுவரைக்கும் அதை எவனும் தொட்டதில்ல. ஹெக்டே சாருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, மத்தவய்ங்களுக்குப் பொறுமை கிடையாது. பத்தொம்பது வருசத்து நோட்டு. 'சரியா இருக்கு. சரியா இருக்கு. வலது அரைக்கால். சரியா இருக்கு.' பொட்டி வந்த பொறகு, 'இடது பக்கம் கால் சுத்து. இடது பக்கம் கால் சுத்து.' வரிசையா. நடுவுல ஒரு நாள் 'மேகம், பாக்கல.'

அவன் அதையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்பிடியே மூஞ்சி செவந்துருச்சு. என் கையெழுத்து அப்பிடி, மணிமணியா இருக்கும், பாத்தவன் அசந்துருவான். 'அக்கா, இது நீங்க எழுதுனதா?'ன்னான். 'பின்ன, ஜோசப்பா எழுதுவான்?'னேன். 'நாளைக்குக் காலையில நானும் ஏழு மணிக்கு வரவா?'ன்னான். வா, வந்து கத்துக்கன்னேன். அன்னிக்குச் சாயங்காலமும் வழக்கம்போலக் கீறலுக்குத் திருகி வச்சுட்டுத்தான் போனான்.

வந்தான். பலகையை இறக்குனேன், பொட்டைக் காட்டுனேன், எலிப்பொறியை நகட்டுனேன், திருகுனேன். அவன் பொட்டுக்கிட்டப் போயி நின்னு பாத்தான். 'எத்தன வருசமாக்கா இந்தப் பொட்டு?'ன்னான். பத்தொம்பதுன்னேன். 'உங்ககிட்ட யாருமே சொல்லலையாக்கா?'ன்னான். என்னத்தன்னு கேட்டேன். ஒண்ணுமில்லேக்கான்னுட்டு என் நசுங்குன விரலைப் பாத்தான். அவனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. இளகுன மனசு பாப்பா.

அப்பறம் என்ன பண்ணான் தெரியுமா? ஹெக்டே சாரை எழுப்பல. ஜாக்கி வச்சு அந்தப் பொட்டியைத் தூக்கி, நானும் அவனுமா, மத்தியானம் பூரா தம் கட்டித் தள்ளுனோம். எம்புட்டுத் தூரம்? ஒரு கட்டைவிரல் அகலம்! கீறல் சரியாப் பொட்டுக்கு நேர் பின்னாடி வர்ற மாதிரி. லேசரை அடிச்சுப் பாத்தான், கண்ணாடிக்கு நடுவுலயே நின்னுச்சு. 'இதை மொத நாளே செஞ்சிருக்கலாமேப்பா'ன்னேன். 'ஆமாக்கா, மொத நாளே உங்களைக் கேட்டிருக்கணும்'னான். தப்பை ஒத்துக்கிற குணம் அவனுக்கு இருக்கு.

மறுநாள் காலையில பலகையை இறக்குனா, சூரியன் பொட்டுல ஜம்முனு உக்காந்திருக்கு. திருக வேண்டிய வேலையே இல்ல. ஒம்பது மணிக்குக் கோடெல்லாம் கம்பி மாதிரி. அதுக்கடுத்த நாளும் அப்பிடியே. முப்பத்தொண்ணாந்தேதி பெரியவுக எல்லாம் வந்து பாத்துட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போனாக. சுரங்கம் தப்பிச்சுச்சு. நானும் ஆணிகிட்ட இருந்து தப்பிச்சேன். பேச்சியம்மனுக்குப் பொங்கல் வச்சேன், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன். கணக்கு சரி.

ஆனா எல்லாரும் போன பொறகு ஹெக்டே சாரு சும்மா விடல. எங்க எல்லாரையும் நிக்க வச்சு, ரெண்டு வாரமா எதனால தப்பு நடந்துச்சுன்னு கேட்டாரு. கவிராஜ் ஒரு நிமிசம் என்னைப் பாத்தான். அப்பறம், 'நடுவை நான்தான் சார் தப்பாக் குறிச்சிட்டேன். பொட்டியைத் தள்ளி வச்சதும் சரியாயிருச்சு'ன்னான். அம்புட்டுத்தான், பிடிச்சாரு பாரு! ஆவணியில அவன் ஜப்பான்ல ஒரு மாநாட்டுல போயிப் பேசுறதா இருந்துச்சு. பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வச்சிருந்தான், அவுக அம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்துச்சு. அங்கேயே அதைக் கேன்சல் பண்ணிட்டாரு. வேற ஆளை அனுப்புறேன்னுட்டாரு.

எனக்கு மனசு கேக்கல. குறுக்க போயி நின்னேன். 'சார், சின்னப் பையன். தெரியாமப் பண்ணிட்டான். மன்னிச்சு விடுங்க. யாருதான் தப்புப் பண்ணல?'ன்னேன். கவிராஜு வாயப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டான். அழுகுறானாக்கும்னு நெனைச்சேன். தோளு குலுங்குச்சு. இப்ப யோசிச்சா, அது அழுகைதானா சிரிப்பான்னு எனக்குத் தெரியல. அன்னிக்குச் சாயங்காலம் குழிப்பணியாரம் சுட்டுக் கொண்டுபோயிக் குடுத்தேன். இனிமே பாத்து நடந்துக்க தம்பின்னு புத்தியும் சொன்னேன். பதினெட்டுத் தின்னான். சரிங்கக்கா சரிங்கக்கான்னு கேட்டுக்கிட்டான்.

கவிராஜ் ஊருக்குக் கெளம்புற அன்னிக்குத்தான் இந்தச் சாவி விசயம். 'அக்கா, இந்தச் சாவி ஆபீசுல இருக்க வேணாம். உங்க வீட்டுல, பீரோவுல வச்சுப் பூட்டிருங்க. நானே வந்து கேட்டாலொழிய எடுக்காதீங்க'ன்னான். ஏம்ப்பான்னேன். 'உங்களைத் தவிர வேற யாரையும் நம்பிக் குடுக்க முடியாதுக்கா'ன்னான். அம்புட்டு மரியாதை! எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அன்னிக்கே கொண்டுபோயிப் பட்டுச்சேலைக்கு அடியில வச்சேன்.

அதான் பாப்பா கதை. அந்தக் கவிராஜுக்குத்தான் இப்பக் கல்யாணம், பத்திரிகை வச்சு அனுப்பியிருக்கான். போயி வெளக்கைக் குடுத்துட்டு, சாவியையும் கையில குடுத்து, 'உன் தப்பெல்லாம் அக்கா மறந்துட்டேன்டா, வச்சுக்க'ன்னு சொல்லலாம்னு எடுத்துட்டு வந்தேன்.

ஒன்றரை வருசம் ஆச்சு. சாவி நேத்து வரைக்கும் பீரோவுலதான் கிடந்துச்சு. நான் தெனம் ஏழு மணிக்குப் பலகையை இறக்கிப் பாக்குறேன். சூரியன் பொட்டுலதான் இருக்கு. ஒரு நாளு தள்ளல. குளிரு அடிச்சுச்சு, மழை பேஞ்சுச்சு, பஸ்சு போயிக்கிட்டுத்தான் இருக்கு, எலிகூட ஓடுது. தள்ளவே இல்ல. யாரும் திருகாமலே.

யாரும் திருகாமலே.

...

என்ன பாப்பா அப்பிடிப் பாக்குற? உனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு? எலிப்பொறி கிட்டவா? அடிப்பாவி, அப்ப இருந்து வாயப் பொத்திக்கிட்டா வர்ற!

ஜப்பான்டி. அவுக அம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்துச்சு. நான் அவனுக்குப் புத்தி சொன்னேன். பணியாரம் குடுத்துப் புத்தி சொன்னேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இனிமே பொட்டு இல்லக்கா, கீறல்தான்னு எவனாச்சும் சொல்லியிருக்கலாம்ல? டீ இருக்கான்னு கேக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு அதைச் சொல்லத் தெரியலையே. நான் என்ன வேணும்னா...

இல்ல, அழுகல. கண்ணுல காத்து. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்து.

இரு, பையைத் தொறக்குறேன். இந்தா, இதுதான் சாவி. பாத்துக்க, எம்புட்டு வழவழன்னு ராவியிருக்கேன். இதை அவன்கிட்ட குடுக்கல. வெளக்கை மட்டும் குடுத்து, அவுக அம்மா காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்துருவேன். இது என் பீரோவுலயே கிடக்கட்டும். மறுபடி ஆபீசுக்குப் போச்சுன்னா, எவளாச்சும் காலங்காத்தால வந்து எடுத்துத் திருகிருவா.